கரும்பும் களையும்: நூறு நாட்களின் வரலாறு

தமிழ் இலக்கியம் கரும்பை நன்கு அறியும். கரும்புக் கன்றை அவ்வளவாக அறியாது. ஆலையில் பிழியப்படும் கரும்பு, யானை முறித்துத் தின்னும் கரும்பு, மன்மதன் கையில் வில்லாக வளையும் கரும்பு, பொங்கலன்று வாசலில் சாத்தப்படும் கரும்பு என வளர்ந்து முற்றிய கரும்பே நம் பாட்டிலும் வழக்கிலும் இடம்பெற்றிருக்கிறது. நட்ட கரணை முளைவிட்டுச் சாண் உயரத்தில் நின்று, சுற்றிலும் எழும் புல்லோடும் பூண்டோடும் மல்லாடுகின்ற முதல் நூறு நாட்களை, நான் படித்த வரையில், எந்தப் புலவரும் தனித்து எடுத்துப் பாடவில்லை. உழவரைக் கேட்டாலோ, கரும்பின் தலையெழுத்து அந்த நூறு நாட்களில் எழுதப்பட்டுவிடுகிறது என்பர்.

ராசிபுரம் வட்டாரத்தார்க்கு இக்கணக்கு நன்றாகத் தெரியும். கொல்லிமலையும் போதமலையும் அரணாக நிற்கும் இச்சமவெளி பெரும்பாலும் கிணற்று நீரை நம்பியது. மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்ற இம்மண்ணில், கிணற்றில் தண்ணீர் தாராளமாக உள்ளவரே துணிந்து கரும்பு நடுவர். தென்மேற்கே காவிரிக் கரையை நெருங்கினால் காட்சி மாறும். அல்லாள இளைய நாயக்கர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஜேடர்பாளையம் படுகை அணையும் ராஜா வாய்க்காலும் பரமத்தி வேலூர்ப் பகுதியைக் கரும்பும் வாழையும் வெற்றிலையும் செழிக்கும் நிலமாக்கியிருக்கின்றன. பிலிக்கல்பாளையத்தில் வெல்லச் சந்தை. மோகனூரில் சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. வாய்க்கால் கரும்பு, கிணற்றுக் கரும்பு என்ற வேறுபாடு களைக்குக் கிடையாது. நீர் பாயும் இடமெல்லாம் அது முளைக்கும். ஆனால் கிணற்றுக்காரருக்கு வலி கூடுதல். ஆழத்திலிருந்து இறைத்த தண்ணீரில் ஒரு பங்கை அவர் கண்ணெதிரே களை குடித்துவிடுகிறது.

இளங்கரும்பைக் களை எவ்வாறு வெல்கிறது, மனிதர் அதனை எவ்வாறெல்லாம் எதிர்த்தனர், அந்த எதிர்ப்பில் உழைத்த கைகள் யாருடையவை என்பனவற்றை வரலாற்று நோக்கில் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வரலாற்றின் நடுவே ஒரு வியப்பும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் கரும்புக்கு மறுவாழ்வு தந்தது ஒரு களைச்செடி.

சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'களை' என்பது வினையடி. நீக்கு, பிடுங்கி எறி என்று பொருள்படும். அவ்வடியே பெயராகி, நீக்கப்படும் செடியையும் குறித்தது. அருகு, கோரை, சாரணை என்பன செடிகளின் பெயர்கள். 'களை' என்பதோ, அச்செடிக்கு மனிதன் செய்யக் கருதிய செயலிலிருந்து பிறந்த பெயர். ஒரு செடி இயல்பிலேயே களையாவதில்லை. நாம் வேண்டாத இடத்தில், வேண்டாத நேரத்தில் முளைத்ததால் களையாகிறது என்னும் கருத்தை இச்சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. துன்பத்தை நீக்கும் ஆதரவுக்கு நம் முன்னோர் இட்ட 'களைகண்' என்னும் பெயரும் இவ்வடியில் பிறந்ததே. இன்று நாம் 'திருவிழா களைகட்டியது' என்கிறோமே, அதிலுள்ள களை வேறு, அது பொலிவு. குறளில் வரும் களைகட்டலோ களையைப் பறித்தல்.

வள்ளுவர் களையை இரண்டு இடங்களில் நினைக்கிறார். உழவு அதிகாரத்தில் உழுதல், எருவிடுதல், களையெடுத்தல், நீர் பாய்ச்சுதல், காத்தல் என்று பணிகளை வரிசைப்படுத்தும்போது களையெடுத்தலுக்கு உரிய இடம் தருகிறார். செங்கோன்மை அதிகாரத்தில், கொடியவரை வேந்தன் ஒறுப்பது பசும்பயிரில் களை பறிப்பது போன்றது என்கிறார். முன்னது உழவனுடைய களை. பின்னது அரசனுடைய களை. பிற்கால உலகில் அரசுகள் தமக்குப் பிடிக்காத மக்கட் கூட்டங்களையே களை என்று பெயரிட்டு அழித்ததைக் கண்ட நமக்கு, இவ்வுவமையைக் கவனத்தோடு படிக்க வேண்டிய கடமை உண்டு. வள்ளுவர் கொலையிற் கொடியாரைப் பற்றி மட்டுமே பேசினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கம்பர் வழி வேறு. கோசல நாட்டு வயலில் களையாக முளைத்திருப்பவை தாமரையும் குவளையும் ஆம்பலும் போன்ற மலர்கள். அவை தம் மகளிரின் கண்ணையும் கையையும் காலையும் முகத்தையும் வாயையும் ஒத்திருப்பதால், கள்ளுண்ட உழவர் அவற்றைப் பறிக்க மனம் வராமல் வயலிலேயே உலவி நிற்கிறார்கள். பட்டினப்பாலை காட்டும் சோழநாட்டில் கரும்பாலையின் தீப்புகை பட்டு, அருகிலுள்ள வயலின் நெய்தல் மலர் வாடுகிறது. கரும்புக்கும் களைக்கும் உள்ள பகை பழந்தமிழில் பதிவான இடம் இதுவென்று கொண்டால், அங்கே புலவரின் இரக்கம் களையின் பக்கமே இருப்பதைக் காண்கிறோம். வயலில் இறங்கிக் குனிந்தவருக்குக் களை. வரப்பில் நின்று பார்த்தவருக்கு மலர்.

நூறு நாட்கள்

இனி வயலுக்குள் இறங்குவோம். நெல்லைப் போலக் கரும்பு விதையால் பயிரிடப்படுவதில்லை. தண்டையே இரு பருவோ மூன்று பருவோ உள்ள கரணைகளாக வெட்டிச் சாலில் புதைக்கிறார்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 30,000 இரு பருக் கரணைகள் தேவை. பாருக்குப் பார் இடைவெளி பழைய முறையில் மூன்று அடி. பரு முளைத்து வரிசை தெரிவதற்கே முப்பது முதல் முப்பத்தைந்து நாட்கள் ஆகின்றன. முளைத்த பின்னும் கரும்பு அவசரப்படுவதில்லை. வேரூன்றித் தூர் வெடிப்பதற்கு மேலும் பல வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு மாதம் நிற்கப்போகும் பயிரின் நிதானம் அது.

களைக்கு அந்த நிதானம் இல்லை. உழுது பண்படுத்தி, எருவிட்டு, நீர் பாய்ச்சி, மூன்றடி இடைவெளியில் வெயில் தடையின்றி விழும்படி விட்ட நிலம் களைக்கு விரித்து வைத்த பந்தி. அழைக்கப்பட்டவர் வந்து சேர்வதற்குள் அழையாதவர் இலையில் உட்கார்ந்துவிடுகிறார். சாரணை தரையோடு படர்ந்து பாய் விரிக்கும். பண்ணையும் குப்பைக்கீரையும் நிமிர்ந்து எழும். கானாவாழை ஈரம் கண்ட இடமெல்லாம் கணுவிட்டுப் பரவும். முதல் ஏழு வாரக் கணக்கைப் பார்த்தால், நிலத்திலுள்ள தழைச்சத்தில் கரும்பு எடுத்துக்கொள்வதைப் போலப் பல மடங்கைக் களைகள் எடுத்துக்கொண்டிருக்கும். விவசாயி கரும்புக்கென்று இட்ட உரம் களையை வளர்க்கிறது.

இங்கே பயிரியல் தரும் ஒரு செய்தி சுவையானது. ஒளிச்சேர்க்கையில் கரும்புக்குத் தனித்திறன் உண்டு. கடும் வெயிலிலும் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிக்கனமாகப் பிடித்துச் சர்க்கரையாக்கும் இம்முறையின் தடயம் ஹவாய்த் தீவின் கரும்பு ஆய்வில் வெளிப்பட்டது. 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் அதனை விளக்கினர். இன்று அது சி4 வழி எனப்படுகிறது. ஆனால் கரும்பின் முதன்மையான பகைகளாகிய கோரை, அருகு, சாரணை, குப்பைக்கீரை ஆகியனவும் அதே சி4 வகையைச் சேர்ந்தவை. எனவே வெயிலைப் பயன்படுத்துவதில் கரும்புக்கு இவற்றைவிடச் சிறப்பு ஏதுமில்லை. யார் முந்திக்கொண்டு நிழல் பரப்புகிறார் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது. தோகை விரிந்து ஒன்றோடொன்று கூடிவிட்டால் கரும்பின் நிழலில் களை தானே ஒடுங்கும். அதற்கு மூன்று முதல் நான்கு மாதம் ஆகிறது. அதுவரையில் மனிதக் கைதான் கரும்புக்கு நிழல்.

களையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? களையின் அடர்த்தியைப் பொறுத்து விளைச்சல் இழப்பு 12 முதல் 72 விழுக்காடு வரை என்று இந்திய வேளாண் ஆய்வுகள் மதிப்பிட்டிருக்கின்றன. பார்களின் நடுவே உள்ள களையைவிட, சாலுக்குள் கரும்போடு ஒட்டி முளைத்த களையே முதல் மாதங்களில் பெருங்கேடு செய்கிறது. அதைத்தான் மாட்டு ஏராலோ எந்திரத்தாலோ எடுக்க இயலாது. கன்றுக்கு ஊறு நேராமல் கையால் எடுக்க வேண்டும். நாற்பத்தைந்தாம் நாள் அளவில் ஒரு முறையும் தொண்ணூறாம் நாள் அளவில் மறு முறையும் மண் அணைப்பதும் இந்தப் போரின் பகுதியே. பாரின் மண்ணைச் சரித்துக் கரும்பின் அடியில் சேர்க்கும்போது சிறு களைகள் புதைந்து மடிகின்றன.

எல்லாக் களையும் அப்படி மடிவதில்லை. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாகத் தொடர்கின்றன. கொத்தினால் ஒன்று பலவாகிறது. அருகின் கணு ஒவ்வொன்றும் ஒரு நாற்று. 1977இல் லெராய் ஹோமும் அவருடைய தோழர்களும் உலகின் மிகக் கொடிய களைகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்ட நூலில் முதலிடம் கோரைக்கு, இரண்டாமிடம் அருகுக்கு. நம் வழக்கிலோ முதலாவது சித்த மருந்துக் கடையில் கோரைக்கிழங்காக விற்கிறது. இரண்டாவது பிள்ளையாருக்கு மாலையாகிறது. மணமக்களை வாழ்த்தும்போதும் அருகுபோல் வேரூன்றச் சொல்கிறோம். அதன் வேரோடு போராடிய உழவன்தான் அந்த வாழ்த்தை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு வகைக் களையும் உண்டு. வெள்ளைப் பூப்பூத்து அழகாக நிற்கும் சுடுமல்லி கரும்பின் வேரிலேயே தன் வேரைச் செலுத்தி உறிஞ்சும் ஒட்டுண்ணி. தூசியினும் நுண்ணிய அதன் விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். ஏற்ற பயிரின் வேர் கசியவிடும் பொருள் பட்டால்தான் விழிக்கும். அது மண்ணுக்கு மேல் தலைகாட்டும்போது கீழே பாதிக் கேடு முடிந்திருக்கும்.

வந்தது எது, இருந்தது எது?

களையை அயலான் என்றும் பயிரை உரியவன் என்றும் எண்ணுவது நம் பழக்கம். கரும்பின் வரலாற்றில் இது தலைகீழாக இருக்கிறது.

ராசிபுரத்துக்கு வடக்கே இரண்டு மாவட்ட எல்லைகளைக் கடந்தால் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் பெறற்கரிய கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் பாடுகிறார். அவன் மகன் பொகுட்டெழினியைப் பாடும் 392ஆம் பாட்டிலும் இச்செய்தி வருகிறது. பழைய உரை கரும்பு விண்ணுலகிலிருந்து வந்தது என்று விளக்கும். 1981இல் திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியைப் பெயர் சொல்லிக் குறிப்பதால், இக்குடி வெறும் கற்பனையன்று என்பது உறுதி. விண்ணுலகை ஒதுக்கிவைத்தாலும் ஒன்று தெளிவு: கரும்பு வெளியிலிருந்து வந்த பயிர் என்ற நினைவு சங்க காலத்திலேயே இங்கே இருந்திருக்கிறது. தடித்த இனிப்புக் கரும்பு முதலில் பயிராக்கப்பட்ட இடம் நியூகினித் தீவு என்று இன்றைய தாவரவியலும் சொல்கிறது.

அப்படியானால் இங்கேயே பிறந்து வளர்ந்தது எது? நாணல். ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் வெண்கதிர் ஆட்டி நிற்கும் அச்செடி தாவரவியலில் சாக்கரம் ஸ்பான்டேனியம், கரும்பின் பங்காளி. பேய்க்கரும்பு என்ற பெயரும் இக்காட்டுக் கரும்பு இனத்துக்கு வழங்குகிறது. பட்டினத்தார் கையில் இருந்து திருவொற்றியூரில் இனித்ததாகச் சொல்லப்படும் பேய்க்கரும்பின் கதையை அறியாத தமிழர் இல்லை. கசப்பென்று ஒதுக்கியது ஒருநாள் இனிக்கும் என்பது அக்கதையின் சாரம். வயலுக்குள் நுழைந்துவிட்டால் நாணலை ஒழிப்பது அரிது. அமெரிக்க ஐக்கிய நாடு அதனைத் தீங்குக் களைப் பட்டியலில் வைத்திருக்கிறது; பனாமாக் கால்வாய்ப் பகுதியில் காடழிந்த நிலங்களை அது வளைத்துக்கொண்டிருக்கிறது. ஆக, வயலில் விருந்தாளியாக வந்தது கரும்பு. இம்மண்ணின் மூத்த குடி களை.

கோயம்புத்தூர், 1912

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் தடிக்கரும்பு நோயில் விழுந்தது. ஜாவாவில் செரே என்னும் நோய். கோதாவரிக் கரையில் செவ்வழுகல். 1902இல் சாமல்கோட்டையில் அரசு கரும்புப் பண்ணை தொடங்கப்பட்டது அந்நோயின் காரணமாகத்தான். அப்பணியில் முன்நின்றவர் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர். வட இந்தியாவின் மெலிந்த கரும்புகளோ நோய் தாங்கும், சாறு குறைவு. ஜாவாச் சர்க்கரை இந்தியச் சந்தையை நிரப்பிக்கொண்டிருந்தது. இந்நிலையில் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்தி நிலையம் தோன்றியது. அவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம், அங்கே கரும்பு இயல்பாகப் பூத்து விதை பிடித்ததே.

பார்பரும் அவர் உதவியாளராக இருந்து பின்பு பொறுப்பேற்ற டி.எஸ். வெங்கடராமனும் செய்த காரியம் அன்றைய உழவர் யாரும் நினைத்துப் பாராதது. வெள்ளை என்னும் தடிக்கரும்பின் பூவில், கோயம்புத்தூர்ப் பகுதி நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தனர். களையைக் கரும்புக்குத் துணையாக்கினர். அதன் வழித்தோன்றலாக 1918இல் வெளியானது கோ 205. பஞ்சாப் போன்ற பகுதிகளில் அது பழைய நாட்டுக் கரும்புகளை இடம்பெயர்த்தது. வறட்சி தாங்கல், நீர்தேக்கம் தாங்கல், நோய் எதிர்ப்பு, தூர் கட்டும் வேகம், வெட்டிய பின் மறுதாம்பாகத் தழைக்கும் ஆற்றல் என்று நாணலை ஒழிக்க முடியாத களையாக்கிய குணங்களே கரும்புக்குச் சொத்தாக வந்து சேர்ந்தன. ஜாவாவிலும் இதே வழியில் 1921இல் பி.ஓ.ஜே. 2878 உருவானது. தடிக்கரும்பை 'உயர்குடிக் கரும்பு' என்றும், காட்டினத்தை அதனோடு திரும்பத் திரும்பக் கலந்து இனிப்பாக்குவதை 'உயர்குடியாக்கம்' என்றும் டச்சு அறிஞர்கள் பெயரிட்டனர். குடிப்பெருமை பேசிய பெயரானாலும், உயர்குடி தனித்து வாழ முடியாமல் காட்டுக்குடியின் கைபிடித்துப் பிழைத்த வரலாறு அப்பெயருக்குள் ஒளிந்திருக்கிறது.

1934இல் அந்நிலையத்துக்கு வந்த தலச்சேரி ஈ.கே. ஜானகி அம்மாள் நாணல் இனத்தின் நிறப்புரிகளை ஆராய்ந்தார். அதன் தாயகம் இந்தியா என்பதை நிறுவ அவர் ஆய்வு உதவியது. கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும் கலந்த வியத்தகு முயற்சிகளும் அக்காலத்தவையே. 1932இன் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இந்திய ஆலைகளுக்கு இடம் தந்தபோது, அவ்வாலைகளுக்கு அரவைக்கு ஏற்ற கரும்பைத் தந்தவை கோ இரகங்கள். அடுத்த ஆண்டே வெளியான கோ 419 தென்னாட்டு உழவர் நாவில் பல பத்தாண்டுகள் வழங்கிய பெயர். 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டுத் தமிழகத்தில் பரவிய கோ 86032 வரை இம்மரபு தொடர்கிறது. இன்று ராசிபுரத்து வயலில் களைகளுக்கு நடுவே நின்று போராடும் கன்றின் உடம்பில் ஒரு களையின் குருதி ஓடுகிறது.

களைக்கொத்து பிடித்த கைகள்

அறிஞர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன. வயலில் குனிந்தவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை. அவர்களுடைய வரலாறு கடல் கடந்தது.

மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களில் உழைப்பாளர் மூன்று கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டனர். குழி வெட்டுவதும் கரும்பு வெட்டுவதும் முதற்கூட்டத்தின் வேலை. இளங்கரும்பில் புல் பிடுங்கியது மூன்றாம் கூட்டம். அதாவது சிறுவர் சிறுமியர். அவர்களை மேய்க்க ஒரு மூதாட்டி. 1834இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிந்ததும் அவ்விடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். மொரிசியசுக்கும், 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கும், 1903 முதல் ஃபிஜிக்கும் தமிழர் சென்றனர். அங்கே பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலைகளில் முதன்மையானது களையெடுப்பு. ஒரு நாளைக்கு இவ்வளவு நீளம் என்று அளந்து கொடுப்பார்கள். முடிக்காவிட்டால் கூலி இல்லை. பாரதி 'கரும்புத் தோட்டத்திலே' என்று தொடங்கி அழுதது இப்பெண்களுக்காகத்தான். பிஜித் தீவைப் பற்றிய பாட்டாக மட்டும் அதனைப் படிக்காமல், களைக்கொத்தின் வரலாறாகவும் படிக்க இடமுண்டு.

நம் ஊர்ப்புறத்திலும் களையெடுப்பு பெண்களின் வேலை. அவர்களுள் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாதவர். ஆண் கூலியினும் குறைந்த கூலியில், இடுப்பு ஒடியக் குனிந்து, தோகையின் சுணை கையைக் கீற, வரிசை வரிசையாக நகர்வர். இவ்வேலையைத் திறமை வேண்டாத வேலையாகக் கருதியதே நம் பெரும் பிழை. முளைத்த ஒரு வாரத்தில் இரண்டிலைப் பருவத்திலேயே எது கரும்பின் முளை, எது புல்லின் முளை என்று பிரித்தறிந்தவர்கள் அவர்கள். பிடுங்கியதிலும் பாகுபாடு உண்டு. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் குப்பைக்கீரையும் மடிக்குள் போகும். இரவு அது குழம்பு. அருகும் பிற புல்லும் கட்டாகத் தலையில் ஏறி வீட்டு மாட்டுக்குப் போகும். ராசிபுரம் நெய்யின் மணத்தில் வயற்காட்டுப் புல்லுக்கும் பங்கு உண்டு. உண்ணவும் மேய்க்கவும் ஆகாதது மட்டுமே வரப்பில் காயப் போடப்படும். அவர்களுடைய அகராதியில் 'களை' என்பது ஒரே சொல்லாக இல்லை; கீரை, புல், மருந்து, குப்பை என நான்காகப் பிரிந்திருந்தது.

மருந்து வந்தபின்

இரண்டாம் உலகப் போர்க்கால ஆய்வுகளில் பிறந்து போர் முடிந்ததும் சந்தைக்கு வந்தது 2,4-டி. அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லினத்தை விட்டுவிடுவது அதன் இயல்பு. கரும்பும் புல்லினம் ஆதலால் தப்பியது. 1950களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் அட்ரசினைக் கொண்டுவந்தது. கரணை நட்ட மூன்றாம் நாள் மண்ணில் தெளித்தால், முளைக்கும் களைகளின் ஒளிச்சேர்க்கையை அது முடக்கும். கரும்பு அம்மருந்தைத் தன் உடலுக்குள் சிதைத்துப் பிழைத்துக்கொள்ளும். ஐந்தாறு பெண்கள் பல நாள் செய்த வேலையை ஒரு தெளிப்பான் ஒரே நாளில் முடித்தது.

இதனை வெறும் தீமையாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும், நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளும் லாரிப் பட்டறைகளும், நூற்பாலைகளும் ஊர்ப்புற இளையோரை இழுத்துக்கொண்டபின் களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. ஆள் கிடைக்காத நூறு நாட்கள் விவசாயிக்கு ஓர் ஆண்டு வருமானத்தின் இழப்பு. குனிந்தே தேய்ந்த முதுகுகளுக்கு ஓய்வு கிடைத்ததையும் நாம் பழிக்க இயலாது.

ஆயினும் செலவுக் கணக்கையும் எழுத வேண்டும். அட்ரசின் இட்ட நிலத்தில் உளுந்தோ பாசிப்பயறோ ஊடுபயிராக வராது. 2,4-டி காற்றில் சற்றே விலகினாலும் பக்கத்துக் காட்டுப் பருத்தி இலை சுருண்டுவிடும். ஒரே மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்தும் நிலத்தில் அதற்கு மசியாத களைகள் மேலோங்கும்; கோரை அட்ரசினைப் பொருட்படுத்துவதில்லை. நிலத்தடி நீரில் கலப்பதைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் அட்ரசினை விலக்க முடிவெடுத்தது. 2020இல் இந்திய அரசு 27 வேளாண் நஞ்சுகளைத் தடைசெய்ய வெளியிட்ட வரைவு ஆணையின் பட்டியலில் அட்ரசின், 2,4-டி இரண்டும் இடம்பெற்றிருந்தன. வயலுக்குப் பாய்ச்சுவதும் வீட்டுக்குக் குடிப்பதும் ஒரே நிலத்தடி ஊற்றிலிருந்துதான் என்னும் கிணற்றுப் பாசன ஊருக்கு இவை அயலூர்ச் செய்திகள் அல்ல. கீரை மடிக்குப் போவது நின்றது. மாட்டுக்குப் புல் போவது குறைந்தது. இரண்டிலையில் செடியை அடையாளம் காணும் அறிவு அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. இவ்விழப்புகளை எந்த விளைச்சல் புள்ளிவிவரமும் காட்டாது.

அண்மைக் காலத்தில் வேறு வழிகளும் திறந்திருக்கின்றன. 2009இல் இக்ரிசாட் நிறுவனமும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து வகுத்தளித்த முறை தமிழ்நாட்டில் 'நீடித்த நவீன கரும்பு சாகுபடி' என்னும் பெயரில் பரப்பப்பட்டது. ஒற்றைப் பருவைக் குழித்தட்டில் இட்டு, நிழல்வலைக் குடிலில் ஒரு மாதம் நாற்றாக வளர்த்து, ஐந்தடி இடைவெளியில் நடுவது இதன் வழி. ஏக்கருக்கு 5,000 நாற்று போதும். களை நோக்கில் பார்த்தால் இதன் நுட்பம் புரியும்: கரும்பு தன் மெத்தனமான முதல் மாதத்தைக் களையே இல்லாத தட்டில் கழித்துவிட்டு வயலுக்கு வருகிறது. பந்திக்கு இருவரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். அகன்ற இடைவெளி வெறுமையாகக் கிடந்தால் களைக்குத்தான் கொண்டாட்டம். அதனால் அங்கே பயறோ வெங்காயமோ விதைத்தோ, உரித்த சோகையைப் பரப்பியோ மண்ணை மூட வேண்டும். மண்ணை வெறுமையாக விடாதே என்ற பழைய அறிவு புதிய பெயரில் திரும்பியிருக்கிறது.

நூறு நாட்கள் களையை எடுத்தே ஆக வேண்டும்; அதில் கம்பரின் உழவரைப் போல மயங்கி நிற்க வயிறு இடம் தராது. ஆனால் எடுப்பது வேறு, அடியோடு அழிப்பது வேறு. 1912இல் கோயம்புத்தூர்ப் பக்கத்து நாணல் முழுவதையும் யாரேனும் ஒழித்திருந்தால், கோ 205 பிறந்திருக்க வழியில்லை. கரும்பு இனி எந்த நோயைச் சந்திக்கப் போகிறதோ, அதற்கு மாற்று எந்த ஓடைக்கரையில் கதிர் ஆட்டி நிற்கிறதோ, இன்று சொல்ல இயலாது. திருமணிமுத்தாற்றங்கரையிலும் ஏரிக்கரைகளிலும் வெற்றுப் புதராக நமக்குத் தோன்றுவதை மண்தள்ளும் எந்திரத்தால் வழித்தெறியும் முன் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இக்கட்டுரையில் வரும் களைப்பெயர்கள் எங்கள் வட்டார வழக்கையும் பொதுவழக்கையும் தழுவியவை. ஒரே செடிக்குக் கொங்கில் ஒரு பெயர், தஞ்சையில் ஒரு பெயர், நெல்லையில் ஒரு பெயர், ஈழத்தில் ஒரு பெயர் வழங்கும். களையெடுத்த கைகளோடு அப்பெயர்களும் மறைந்துகொண்டிருக்கின்றன. தத்தம் ஊரில் வயலில் குனிந்த மூதாட்டியர் இன்னும் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது, தமிழ் படித்த நம்மைப் போன்றோர் செய்யக்கூடிய சிறிய, உறுதியான பணி.